உறை கழற்றாத அங்கிகள்

எனக்குக் கோபம் வந்தால் கத்தரிக்கோலைத்தான் தேடுவேன் என்று என் கணவர் பிறெடி கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். சுத்தப் பொய். பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் தேடினேன். அன்றைக்கு நான் வெட்டியது நான்கு பொலித்தீன் உறைகளை. அதற்காக அந்த மனிதர் நான்கு நாள் என்னுடன் பேசவில்லை. உறைக்கு ஒரு நாள் வீதம் துக்கம் காத்தார் போலிருக்கிறது.

பிறெடிக்குத் தொழிலே உறை விற்பதுதான். கொட்டாஞ்சேனைச் சந்திக்குப் பக்கத்தில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கைபேசிக் கடை. கைபேசிக்கு உறை, திரைக்கு ஒட்டும் தாள், முதுகுக்கு ஒரு தாள், கமராக் கண்ணுக்கு வேறொரு தாள். அது கடையோடு நின்றால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் செற்றியில் இன்னும் கடைக்காரன் போட்டுத் தந்த பொலித்தீன்தான். வாங்கி ஆறு வருடம். வெயில் காலத்தில் உட்கார்ந்து எழும்பினால் கால் தோலில் பாதி அங்கேயே நின்றுவிடும். ரிமோட்டுக்கு உறை, பிரிட்ஜ் கைபிடிக்கு உறை, எங்கள் வான் வண்டி இருக்கைகளுக்கு உறை. வீட்டு மாதா சொரூபத்துக்குக்கூட உறை போட்டிருந்தார். அதை மட்டும் நான் முதல் வாரமே கழற்றிவிட்டேன். மாதாவுக்கு மூச்சு முட்டாதா?

நான் கொன்ஸ்ரன்ஸ். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கொம்பனியில் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். வெங்காயம், பெயின்ற் தொடக்கம் உயிர்காப்பு அங்கி, மிதவை வளையம், எறிகயிறு வரை எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போகும். எந்த அங்கி எத்தனை கிலோ ஆளைத் தூக்கும், எந்த நாடாவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட என் வீட்டுக்குத்தான் போன மாசி மாதம் ஒரு படகு வந்து சேர்ந்தது.

பொல்கொட வாவிக் கரையில் ஒரு ஹோட்டலை மூடினார்கள். அவர்களுடைய பதினாறு அடி பைபர் படகு எஞ்சினோடு விலைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் வாவியில் ஓடலாம், தூண்டில் போடலாம், காற்று வாங்கலாம் என்று பிறெடிக்கு ஆசை. பாதிப் பங்குக்கு வெள்ளவத்தை நாகேந்திரம் அங்கிள் சேர்ந்துகொண்டார். அறுபத்தெட்டு வயது, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனைக் கிளையில் இருந்த காலத்தில் இருந்து பிறெடிக்குப் பழக்கம். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் பிறந்த தீவு புங்குடுதீவுதான்.

“நான் தீவான், பிள்ளை,” என்பார். “உங்களுக்குக் கொழும்புக் காலி ரோட் எப்பிடியோ, எனக்குத் தண்ணி அப்பிடி.”

படகு வந்த அன்றே நான் பிறெடியின் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தேன். எங்கள் இருவருக்கும் அங்கிளுக்கும் அவருடைய மனைவிக்குமாக, நான்கு பேருக்கும் விசில் வைத்த உயிர்காப்பு அங்கி. நுனியில் மிதவை கட்டிய எறிகயிறு. இரண்டு துடுப்பு. தண்ணீர் அள்ள ஒரு வாளி, அதையும் படகோடு கட்டிவைக்க ஒரு கயிறு. பிறகு, எஞ்சினுக்கு ஒரு சிவப்புச் சுருள் கயிறு. இதன் ஒரு முனை எஞ்சினில் ஒரு கிளிப்பாகக் கொழுவியிருக்கும், மறுமுனை ஓட்டுகிறவரின் மணிக்கட்டில். ஓட்டுகிறவர் தண்ணீருக்குள் விழுந்தால் கிளிப் கழன்று எஞ்சின் அந்த நொடியே நிற்கும். கிளிப் இல்லாமல் எஞ்சின் உயிர் பெறாது.

சொல்லக் கூடாது, மனிதர் எல்லாவற்றையும் வாங்கினார். ஒன்றுகூட மட்டமான சாமான் இல்லை. முதல் ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் மட்டும் படகை ஓட்டிப் பார்க்கப் போனோம். வாவி நடுவில் வைத்து நான் முன்பக்கப் பெட்டியைத் திறந்தேன். நான்கு செம்மஞ்சள் அங்கிகளும் உள்ளே இருந்தன, கடையில் சூடு வைத்து ஒட்டிய பொலித்தீன் உறைக்குள்.

“என்ன இது?”

“பத்திரமா வச்சிருக்கிறன்.”

“போடுறதுக்கு வாங்கினதா, பாத்துக்கொண்டிருக்க வாங்கினதா?”

“தேவை வந்தா எடுத்துப் போடலாம்தானே கொன்ஸி. கவர் கழட்டினா ஒரே மாசத்தில நிறம் போயிரும். நாளைக்குப் போட்டை விக்கேக்க, ஜக்கெட் எல்லாம் பிராண்ட் நியூ எண்டு சொல்லலாம்.”

“சரி. இப்ப தேவை வந்திட்டு எண்டு வைப்பம். எடுங்க. நான் நேரம் பாக்கிறன்.”

சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். நகத்தால் கிழித்தார், வரவில்லை. பல்லால் கடித்தார், வழுக்கியது. கடைசியில் வான் சாவியால் குத்தி ஒரு மாதிரிப் பிய்த்து எடுத்து, அவசரத்தில் அங்கியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டார். இரண்டு நிமிடம் பத்து விநாடி. காற்றில்லாத காலை, கையும் காய்ந்த கை. தண்ணீருக்குள் விழுந்தவனுக்கு யார் இரண்டு நிமிடம் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள்?

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலைத் தேடினேன். பிய்த்ததையும் சேர்த்து நான்கு உறைகளையும் வெட்டிக் குப்பையில் போட்டேன். நான்கு நாள் மௌனம் அப்படித்தான் வந்தது.

மௌனத்தின் மூன்றாம் நாள், அங்கிகளின் அளவு பார்க்க வேண்டும் என்று இரண்டை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். ராமகிருஷ்ணா வீதியில் நான்காம் மாடி. லிப்ட் வழமைபோல வேலை செய்யவில்லை. அங்கிள் ஹோலில் உட்கார்ந்து, சின்ன வயதில் புங்குடுதீவில் இருந்து நயினாதீவுக்கு நீந்திப் போய்க் கோயில் கும்பிட்டுவிட்டு நீந்தித் திரும்பிய கதையைச் சொன்னார். நனைந்த வேட்டியோடு கோயிலுக்குள் விட்டார்களா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவருடைய மனைவி அன்னபாக்கியம் அன்ரி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே போனதும் தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். பேசுவது வெளியே கேட்கக் கூடாதாம்.

“பிள்ளை, அந்த மனிசனுக்கு நீந்தத் தெரியாது.”

சொல்லிவிட்டு ஹோல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“நாலு வயசில தகப்பனோட கொழும்புக்கு வந்தவர். வளந்தது முழுக்க இந்த வெள்ளவத்தையில தகப்பன்ர கடையிலதான். கலியாணத்தண்டு என்ர அண்ணைமார் பகிடிக்குக் கேட்டவை, தீவு மாப்பிளைக்கு நீந்தத் தெரியுமோ எண்டு. ஓம் எண்டிட்டார். அதோட சரி. பேந்து மாத்த ஏலாமப் போச்சு.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் அன்ரி?”

“கலியாணம் முடிஞ்சு நயினாதீவுக்கு மோட்டர் வள்ளத்தில போனாங்கள். என்ர கையைப் பிடிச்ச பிடியில காப்பு நெளிஞ்சு போச்சு. முப்பத்தொன்பது வருசமா எனக்குத் தெரியும் பிள்ளை. எனக்குத் தெரியுமெண்டுதான் அவருக்குத் தெரியாது.”

“அப்ப போக வேண்டாம் எண்டு சொல்லுங்களன்.”

“போகாதேங்கோ எண்டு சொன்னால், நீந்திக் காட்டுறன் பார் எண்டு குதிச்சாலும் குதிப்பார்.” அன்ரியின் கண் கலங்கிவிட்டது. “அவரை வெக்கப்படுத்தவும் வேண்டாம் பிள்ளை. ஆனா எனக்கு அவர் வேணும்.”

குழாய்த் தண்ணீர் பேசினுக்குள் விழுந்து தெறித்து என் சட்டையெல்லாம் நனைத்தது. நான் அன்ரியின் கையைப் பிடித்தேன். “அங்கிளை உங்களிட்ட உயிரோட திருப்பித் தாறது என்ர பொறுப்பு. அவரை ஆரும் ஒரு சொல்லும் சொல்ல மாட்டாங்க,” என்றேன். சொல்லிவிட்டுப் படியிறங்கும்போதுதான் எவ்வளவு பெரிய வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று உறைத்தது.

அடுத்த ஞாயிறு நான்கு பேரும் ஒன்றாகப் போனோம். பிறெடி பழையபடி பேசத் தொடங்கியிருந்தார். பேச்சு என்றால் சாதாரணப் பேச்சில்லை, காலையில் இருந்து ஒரே குஷி. ராமகிருஷ்ணா வீதியில் அங்கிளையும் அன்ரியையும் ஏற்றிக்கொண்டு காலி வீதி நீளத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். இந்த மனிதர் எதையோ மறைக்கிறார் என்று எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

வாவிக்கரை இறங்குதுறையில் அங்கிகள் இருந்த பையைத் திறந்தேன். நான்கு அங்கிகளும் பளபளவென்று புதுப் பொலித்தீனுக்குள் இருந்தன. நான்கு ஓரமும் சூடு வைத்து ஒட்டி, மேலே கடை ஸ்டிக்கரும் குத்தியிருந்தது.

“நேத்துக் கடையில வச்சு நானே சீல் பண்ணினது,” என்றார் பிறெடி, முகமெல்லாம் பல்லாக. “பழைய கவர் சரியில்லை எண்டு நீ சொன்னதும் சரிதான். இது வேற தரம். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது. இந்த மூலையில பிச்சா லேசா வந்துரும், பாரு.”

மூலையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மற்ற மூலையை இழுத்தார். அதுவும் வரவில்லை. “கொஞ்சம் கூடுதலா ஒட்டுப்பட்டிட்டு போல,” என்றார்.

ஐயோ, எனக்கு வந்த கோபத்தை நான் எங்கே போய்ச் சொல்ல? கத்தினால் அங்கிளுக்கு முன்னால் அவருடைய மானம் போகும். கத்தாமல் இருந்தால் என் தலை வெடித்துவிடும். நான் படகுக்குள் இறங்கி, எஞ்சினில் இருந்த சிவப்புக் கயிற்றைக் கிளிப்போடு கழற்றி என் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

“நாலு பேரும் ஜக்கெட் போட்டு, நான் நாடா இறுக்கின பிறகுதான் இந்தக் கயிறு வரும்.”

“கொன்ஸி, ஆக்கள் பாக்கிறாங்க.”

“நல்லாப் பாக்கட்டும்.”

இறங்குதுறையைப் பார்த்துக்கொள்ளும் சிங்கள மனிதர் பீடியை வாயில் இருந்து எடுத்துவிட்டு, “நோனா ஹரி, மஹத்தயா,” என்றார். நோனா சொல்வதுதான் சரி என்றார். பிறெடி அவரை முறைத்துப் பார்த்தார்.

யாரிடமும் கத்தி இல்லை. பிறெடி சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அன்னபாக்கியம் அன்ரி சேலைக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை வெளியே எடுத்தார். அதில் மூன்று சேப்டி பின் கொழுவியிருந்தது. ஒன்றைக் கழற்றி உறையின் நடுவில் குத்தி, கீழ் வரைக்கும் ஒரே இழுப்பு. சர்ரென்று கிழிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. மீன் துப்புரவாக்குகிறவர் மாதிரி நான்கையும் கிழித்துப்போட்டு, பின்னை மறுபடி கொடியில் கொழுவிக்கொண்டார். பிறெடி தன் ஸ்டிக்கர்கள் தரையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி அங்கிள்.

“எனக்கென்னத்துக்குப் பிள்ளை? தீவானுக்குக் கோட்டுப் போட்டால் மீனெல்லாம் சிரிக்கும்.”

அன்ரி என்னைப் பார்த்தார்.

“அங்கிள், கப்பலில முதல்ல ஜக்கெட் போடுறது கப்டன்தான். அவர் போடாம மற்ற ஆக்கள் போட ஏலாது. பதினேழு வருசமா நான் கப்பல்காரங்களோட வேலை செய்யிறன்.”

வடிகட்டின பொய். பூசையில் நன்மை வாங்கி மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை. மாதா என்னை மன்னிக்கட்டும்.

“அப்ப இதில ஆர் கப்டன்?”

பிறெடி வாயைத் திறந்தார். நான் அவருடைய காலை மிதித்தேன். “வேற ஆர் அங்கிள், நீங்கதான். வயசுக்கும் மூப்பு, தண்ணியும் தெரிஞ்ச ஆள்.”

அங்கிள் தொண்டையைச் செருமினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் நீட்டினார். அங்கியைப் போட்டு, நெஞ்சு நாடா மூன்றையும் பூட்டி, கால் இடுக்கு நாடாவையும் கொழுவி, என் பலம் முழுவதையும் கூட்டி இறுக்கினேன்.

“மூச்சு முட்டுது பிள்ளை.”

“கதைக்கிறீங்கதானே அங்கிள், அப்ப மூச்சு வருது.”

தோளில் இருந்த விசிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கப்டன் ஊதினால்தான் படகு வெளிக்கிடும் என்றேன். அவர் ஊதிய ஊதலில் மரத்தில் இருந்த கொக்கெல்லாம் எழும்பின. பிறகு சிவப்புக் கயிற்றை அவிழ்த்துப் பிறெடியின் மணிக்கட்டில் நானே பூட்டினேன். கல்யாண மோதிரம் போட்டதற்குப் பிறகு அந்தக் கையில் நான் இவ்வளவு கவனமாக எதையும் போட்டதில்லை.

பின்னேரம் மூன்று மணி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அன்ரி கொண்டுவந்த கட்லட்டைச் சாப்பிட்டோம். ஒரு மீனும் தூண்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது தான் போட்ட கோட்டைக் கண்ட வெட்கம் என்றார் அங்கிள். பங்குனி மாதத்து மழையைத் தெரியும்தானே, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தெற்குப் பக்கம் கறுத்துவிடும். காற்று ஒரு வீச்சு வீசியது. நான் போதும், திரும்புவோம் என்றேன். பிறெடி மறுபேச்சுப் பேசாமல் படகைத் திருப்பினார். பாதி வழி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரை மறைந்துபோனது.

அந்த மழைக்குள்ளே இருந்துதான் அந்த விசைப்படகு வந்தது. நீளமான காற்றுப் பையில் நாலைந்து பெடியன்களை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு, அவர்களும் கரைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்களை அவர்கள் காணவில்லை. ஒரு வீட்டு மதில் நீளத் தூரத்தில் குறுக்கே பாய்ந்து போனார்கள். அவர்களுடைய அலை எங்கள் படகின் பக்கவாட்டில் அடித்தது. பிறெடி அவர்களைத் திட்ட எழும்பி நின்றார். எத்தனை தரம் சொல்லியிருப்பேன், ஓடும் படகில் எழும்பக் கூடாது என்று! படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பிறெடி பின்னால் தண்ணீருக்குள் விழுந்தார். விளிம்பில் கப்டன் மிடுக்கோடு உட்கார்ந்திருந்த அங்கிளும் தலைகுப்புறப் போனார்.

எஞ்சின் டக்கென்று நின்றது.

சிவப்புக் கயிறு பிறெடியின் கையோடு போயிருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து இரண்டு பேர் மேலும் ஏறியிருக்கும்.

படகு கவிழவில்லை. ஆனால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். நானும் அன்ரியும் மட்டும் உள்ளே. பிறெடி பின்பக்கத்தில் இருந்து இருமுவது கேட்டது. அவர் முகத்துவாரக் கடலில் நீந்திப் பழகியவர், எஞ்சினைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அங்கிளைக் காணோம். காற்று எங்கள் படகைத் தள்ளிக்கொண்டு போகிறது. நாலா பக்கமும் மழை. வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி ஒன்றும் தெரியவில்லை.

“இஞ்சாருங்கோ,” என்று அன்ரி கத்தினார். முப்பத்தொன்பது வருடமாகக் கூப்பிட்ட கூப்பாடு அது. பதில் இல்லை. “இஞ்சாருங்கோ!”

நான் கொடுத்த வாக்கு என் கழுத்தைப் பிடித்து நெரித்தது. மாதாவே, அந்த நாடாவைச் சரியாக இறுக்கினேனா? கால் இடுக்கு நாடாவைப் பூட்டினேனா இல்லையா? பூட்டினது நினைவிருந்தது, இருந்தும் நம்பிக்கை வரவில்லை.

அப்போது கேட்டது. பீ. சின்னதாக, மழைக்குள்ளே, இடது கைப்பக்கம். பீ. பீ.

“விசிலை விடாதேங்கோ!” அன்ரியின் குரல் உடைந்தது. “ஊதுங்கோ, ஊதிக்கொண்டே இருங்கோ!”

ஊதினார். அப்படி ஒரு ஊதல். நான் துடுப்பை எடுத்துச் சத்தம் வந்த பக்கம் படகின் மூக்கைத் திருப்பி வலித்தேன். அன்ரி சொல்லாமலே வாளியை எடுத்துத் தண்ணீரை அள்ளிக் கொட்டத் தொடங்கினார். இருபது வலிப்பு வலித்திருப்பேன், செம்மஞ்சளாக ஒன்று தெரிந்தது. முகம் மேலே, வாய் மேலே, வாயில் விசில். அங்கி அவரைக் குழந்தையைத் தாங்குவது போலக் கழுத்துக்குக் கீழே தாங்கி வைத்திருந்தது. கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. கை கால் எதுவும் அசையவில்லை, வேட்டி மட்டும் சுற்றிவர விரிந்து மிதந்துகொண்டிருந்தது.

எறிகயிற்றை வீசினேன். முதல் வீச்சு குறைந்துபோனது. இழுத்துச் சுருட்டி, மறுபடி வீசினேன். மிதவை போய் அவருடைய நெற்றியில் அடித்தது.

“பிடியுங்க அங்கிள்!”

பிடித்தார். அன்றைக்கு அன்ரியின் காப்பை நெளித்த அதே பிடிதான் போலிருக்கிறது, பிறகு கையைப் பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பின்பக்கம் இழுத்துக்கொண்டு வந்தோம். அதற்குள் பிறெடி படகில் தொற்றி ஏறியிருந்தார். மூன்று பேரும் அங்கியின் தோள் பட்டிகளைப் பிடித்தோம். நான் எண்ணினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. அறுபத்தெட்டு வயதும் எண்பத்திரண்டு கிலோவும் படகுக்குள் வந்து விழுந்தன. விழுந்த பிறகும் அங்கிள் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். அன்ரிதான் மெதுவாக அதை வாயில் இருந்து எடுத்தார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வென்றுவிட்டேன் என்று அந்த மழைக்குள் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும் இருப்பேன்.

“கொன்ஸி,” என்றார் பிறெடி. முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். “என்ர சீல் உடையாம இருந்திருந்தா...”

“இப்ப கிளிப்பைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. மிச்சத்தை வீட்ட போய்க் கதைப்பம்.”

மூன்றாம் இழுப்பில் எஞ்சின் பிடித்தது. கரைக்கு வந்தபோது அந்த விசைப்படகுக்காரப் பெடியன்களும் வேறு பத்துப் பதினைந்து பேரும் இறங்குதுறைக் கொட்டிலுக்குள் ஒதுங்கி நின்றார்கள். பெடியன்கள் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். துறை மனிதர் அங்கிளுக்குச் சுடச்சுடப் பிளேன்டி, பால் விடாத தேநீர், கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் சுற்றிவர நின்று கேள்விமேல் கேள்வி கேட்டார்கள்.

பிறெடிக்கு மனசு உறுத்திக்கொண்டிருந்தது. எப்படியாவது அங்கிளுக்கு ஒரு மரியாதை செய்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பார். “அங்கிள் புங்குடுதீவு ஆள்,” என்று தமிழிலும் சிங்களத்திலும் சத்தமாகச் சொன்னார். “அந்த அலைக்குள்ள தனிய நீந்தி வந்து எங்கட போட்டைப் பிடிச்சவர். இந்த வயசில!”

கொட்டிலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். பெடியன்களில் ஒருவன் விசிலடித்தான். நான் அன்ரியைப் பார்த்தேன். அன்ரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அந்தப் பொய்க்குச் சாட்சிக்குப் பதினைந்து பேர். உயிர் உள்ளவரைக்கும் யாரும் அதை அசைக்க முடியாது. அங்கிள் ஒரு தலையாட்டல் ஆட்டினால் போதும்.

அங்கிள் பிளேன்டிக் கோப்பையைத் தான் உட்கார்ந்திருந்த வாங்கில் வைத்தார்.

“இல்லை,” என்றார். “நான் நீந்தேல்லை.”

கைதட்டல் நின்றது.

“எனக்கு நீந்தத் தெரியாது. ஒருநாளும் தெரியாது. மிதந்தது இந்தக் கோட்டு. நான் அதுக்குள்ள இருந்தனான், அவ்வளவுதான்.” பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். “போட்டுவிட்டது இந்தப் பிள்ளை. கப்டன் எண்டு பொய் சொல்லிப் போட்டது.”

பிறெடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அங்கிள் மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிப்போனது.

“அன்னம், நான் உமக்கும் பொய்தான் சொன்னனான்.”

“எனக்குத் தெரியும்.”

“எப்பவிருந்து?”

“எப்பவோ இருந்து. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

அங்கிள் அன்ரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, நிறுத்த முடியாத சிரிப்பு. அன்ரி சேலைத் தலைப்பால் அவருடைய தலையைத் துவட்டிக்கொண்டே தானும் சிரித்தார். அங்கியின் பூட்டைக் கழற்ற அங்கிள் கை வைத்தபோது, “கிடக்கட்டும், இப்ப கழட்ட வேண்டாம்,” என்று கையைத் தட்டிவிட்டார்.

அப்படியே அங்கியோடு வானில் ஏற்றி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தோம். ஞாயிறு பின்னேரம், ராமகிருஷ்ணா வீதி நிறையச் சனம். அங்கிள் செம்மஞ்சள் அங்கியும் ஈர வேட்டியுமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். வாசலில் நின்ற காவல்காரர் திடுக்கிட்டு, என்ன ஐயா நடந்தது என்று கேட்டார்.

“வாவிக்குள்ள விழுந்தனான். நீந்தத் தெரியாது. தப்பி வந்திட்டன்.”

முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது. அங்கேயும் சொன்னார். இரண்டாம் மாடியில் என்ன நடந்தது என்று கேட்ட ஒரு பெண் குரலிடமும் சொன்னார். கீழே வானுக்குப் பக்கத்தில் நின்ற எங்களுக்கு ஒவ்வொரு மாடியிலும் அந்தக் குரல் கேட்டது, ஒவ்வொரு தடவையும் முன்னையதை விடச் சத்தமாக. நீந்தத் தெரியாது. தப்பி வந்திட்டன். பிறெடி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்காம் மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.